அக்கா காத்த வயிறு

சாவீட்டுக்குப் போனாலும் அக்கா முதலில் கேட்பது வயிற்றைப் பற்றித்தான். அழுது களைத்துச் சுவரோடு சாய்ந்திருக்கும் பெண்ணின் பக்கத்தில் குந்தி, "வயித்தில ஏதும் கிடக்கோ பிள்ளை? வெறும் வயித்தோட அழாதை, புளிச்சுக்கொண்டு வரும்" என்பார். கலியாண வீட்டில் மாப்பிள்ளையிடமும் அதே கேள்வி. புதிதாக வந்த கிராம சேவையாளர் ஒருமுறை வீட்டுப் பதிவுக்காக எங்கள் ஒழுங்கைக்கு வந்தபோது, "சேர் காலமைச் சாப்பாடு இல்லாமல் வந்திருக்கிறியள், முகத்தில தெரியுது" என்று சொல்லி, பதிவைத் தொடங்கவிடாமல் இரண்டு ரொட்டியும் சம்பலும் கொடுத்த பிறகுதான் விட்டார். அந்த மனிதர் மாற்றலாகிப் போகும் நாளில் அக்காவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. விசுவமடுவில் எங்கள் ஒழுங்கையில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் அக்காதான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அக்காவை நான் முதலில் கண்டது, போர் முடிந்த கையோடு எங்களை அடைத்து வைத்த முகாமில். அப்போது என் மகள் என் வயிற்றில் இருந்தாள். என் கணவரை வேறு முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சாப்பாட்டு வரிசையில் நின்று வாங்கி வருவது எதுவும் என் உடம்பில் தங்கவில்லை. வாயில் வைத்தவுடன் சத்தி. பக்கத்துக் கூடாரத்தில் இருந்த அக்கா இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஒரு பால்மா ரின்னில் கஞ்சி வடித்து, உப்புப் போட்டு, ஆற்றிக்கொண்டு வந்தார்.

"ஒரேயடியாக் குடிக்காதை. ஒரு மிடறு குடி. பேந்து என்னோட கதை. பேந்து இன்னொரு மிடறு."

அப்படித்தான் குடித்தேன். ஒரு மிடறு கஞ்சி, கொஞ்சக் கதை, மறுபடி ஒரு மிடறு. அந்தக் கஞ்சி தங்கியது. அதற்குப் பிறகு என் பிள்ளை பிறக்கும் வரைக்கும் அக்காவின் பங்கு அரிசியிலிருந்துதான் எனக்குக் கஞ்சி வந்தது என்பது நெடுநாளுக்குப் பிறகுதான் தெரியவந்தது. என் மகள் உயிரோடு பிறந்ததற்கு அந்தக் கஞ்சிதான் காரணம் என்று நான் அன்று நம்பினேன். இன்றும் அதில் மாற்றமில்லை.

என் கணவர் விடுபட்டு வந்து, ஊரில் மீளக் குடியேறியபோது கேட்டு வாங்கிப் பக்கத்துப் பக்கத்து வளவுகளில் இருந்தோம். நடுவில் கிடுகு வேலி. வேலியில் ஒரு ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஒரு பொட்டு. அந்தப் பொட்டால் கறிக்கிண்ணங்கள் போகும், வரும். என் மகள் தவழ்ந்து போன முதல் தூரம் அதுதான்.

அக்காவின் கணவர் குடிகாரர். அடிக்கிற குடிகாரர் இல்லை, அழுகிற குடிகாரர். காட்டுக்கரையில் களவாகக் காய்ச்சிய கசிப்பைக் குடித்துவிட்டு வந்து, செத்துப்போன தம்பிமாரின் பெயரைச் சொல்லி அழுவார். ஒருநாள் மத்தியானம் இரத்தமாகச் சத்தி எடுத்தார். லான்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது.

அங்கிருந்த டொக்டர் நல்ல மனிதர். அக்காவை இருத்தி வைத்து விளங்கப்படுத்தினார். இரைப்பையில் பழைய புண் இருந்திருக்கிறது, சாராயம் அதை அரித்து அரித்து இரத்தக் குழாய் வரைக்கும் போய்விட்டது என்றார். "குடியை விட்டிருக்க வேணும். வயித்துக்குரிய குளிசையை எண்டாலும் ஒழுங்காப் போட்டிருந்தால் புண் இவ்வளவுக்கு வந்திராது" என்றார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். டொக்டர் சொன்னது இரண்டு வசனம். அக்காவின் காதில் மாத்திரையைப் பற்றிய இரண்டாவது மட்டும்தான் ஏறியது.

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, குசினி வாசலில் இருந்து திரும்பத் திரும்ப அதையே சொன்னார். "ஒரு குளிசை, பிள்ளை. ஒரு சின்னக் குளிசை. ஆரும் எனக்கு முந்திச் சொல்லேல்லையே."

இனி இந்தப் பெண் போத்தலின் பக்கமே திரும்பிப் பார்க்கமாட்டார் என்று நான் நினைத்தேன். ஒரு வருசம் கழியுமுன் அக்கா கசிப்பு விற்கத் தொடங்கினார்.

நான் சண்டை பிடித்தேன். வேலிப் பொட்டில் நின்றுகொண்டே கத்தினேன். அக்கா ஒரு கோபமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஊரில எல்லாரும் எங்கயோ போய்க் குடிக்கத்தான் போகினம்" என்றார். "காட்டுக்குள்ள போய் வெறும் வயித்தில ஊத்திப்போட்டு அங்கயே கிடந்து சாகிறாங்கள். என்னட்ட வந்தா நான் வயித்தைப் பாத்துத்தான் குடுப்பன்."

உண்மையிலேயே அப்படித்தான் கொடுத்தார். அக்காவின் வளவில் ஒரு வேம்பு நின்றது. வருகிறவன் முதலில் அதன் கீழ் இருக்க வேண்டும். அக்கா கஞ்சியோ புட்டோ கொண்டுவந்து வைப்பார். அதற்கும் முதல் ஒரு குளிசை. பாமசியில் தனக்கு வயிற்றெரிவு என்று சொல்லி வாங்கி வருவார். அட்டையை ஒவ்வொன்றாக வெட்டி, தகரத்தாளின் நான்கு மூலையையும் கத்திரிக்கோலால் வட்டமாக நறுக்கிவிடுவார். சட்டைப் பையில் போட்டால் குத்தக்கூடாதாம். குளிசை விழுங்கி அரை மணித்தியாலம் போகாமல் போத்தலைக் கண்ணிலும் காட்டமாட்டார். வயது வந்த ஆம்பிளைகள், வயல் வேலையால் வந்த சேற்றுக் காலோடு, ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருக்கிற மாதிரி வரிசையாக இருந்து காத்திருப்பார்கள். ஒருவன் அவசரப்பட்டால், "உனக்கு அவசரம் எண்டா உன்ர குடலுக்கும் அவசரமோ?" என்று ஏசுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் வேலிக்கு இந்தப் பக்கம் சிரிப்பு வரும். அதுதான் அக்காவிடம் இருந்த கரைச்சல். செய்வது பிழை என்று தெரியும், ஆனால் முழுதாகக் கோபிக்க முடியாது.

சண்டை பிடித்த அன்றே ஒன்றைச் சொல்லி வாங்கியிருந்தேன். என் கணவருக்குக் கொடுக்கக்கூடாது என்று.

அக்கா என் கையைப் பிடித்து, தூங்கிக்கொண்டிருந்த என் மகளின் தலையில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தார். "இந்தப் பிள்ளையாணை, உன்ர மனுசனுக்கு ஒரு துளி குடுக்கமாட்டன்."

என் கணவர் மேசன். கெட்டிக்காரர். வீட்டுத்திட்ட வேலைகள் நடந்த காலத்தில் அவருக்கு ஓய்வே இருக்கவில்லை. வேலை குறையக் குறையக் குடி கூடியது. ஆனால் அவருடைய வயிறு குடியைத் தாங்காது. குடித்த மறுநாள் நெஞ்சுக்குழியைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடப்பார். மிளகாய்த்தூளும் புளியும் கண்டால் ஓடுவார். இரண்டு மூன்று நாளைக்குப் பால்சோறுதான். அந்த நோவைக் கண்டு நான் அழவில்லை. மனதுக்குள் கும்பிட்டேன். என் சொல்லுக்கு நிற்காத மனிதரை அந்த நோவாவது நிறுத்தி வைத்தது.

நான் கிளிநொச்சிப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்ததற்கும் அக்காதான் துணிவு. விடியுமுன் கொம்பனி பஸ் வரும், பொழுதுபட்டுத்தான் திரும்புவேன். "பிள்ளையை நான் பாக்கிறன், நீ போ" என்றார். மகள் பள்ளிக்கூடத்தால் நேரே அக்கா வீட்டுக்குப் போவாள். பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குச் சாப்பாடு கொடுத்து, தலை இழுத்துப் பின்னி, எழுத வைத்து, நான் வரும்போது பொட்டால் அனுப்பிவிடுவார்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிக் கொஞ்சக் காலத்தில் என் கணவரின் வயிற்றுநோ நின்றுவிட்டது. மாதங்கள் போயின, ஒருநாளும் அவர் சுருண்டு கிடக்கவில்லை. நான் உறைப்பாக வைத்த கணவாய்க் கறியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெற்றிலை போடப் பழகியிருந்தார். வாயில் எப்போதும் ஏலக்காய் வாசம். நோ இல்லையென்றால் குடி இல்லை. என் கணக்கு அவ்வளவுதான். பிள்ளையார் கோயிலில் நூறு தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

முதலில் அக்காவிடம்தான் சொன்னேன். "அக்கா, இவர் விட்டிட்டார்."

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லது பிள்ளை" என்றார். "வயிறு ஆறட்டும்."

அந்தச் சொல்லை நான் எத்தனையோ தரம் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

மகளும் ஒருநாள் சொன்னாள். "அப்பாவும் பெரியம்மா வீட்டதான் மத்தியானம் கஞ்சி குடிக்கிறவர். பெரியம்மா அவருக்கும் குடுக்கிறவா." நான் இல்லாத வீட்டில் மனிதர் பசி கிடக்காமல் அக்கா பார்க்கிறார் என்று என் மனம் நிறைந்தது. அந்த மாதச் சம்பளத்தில் அக்காவுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தேன். கத்தரிப்பூ நிறம். உடனே உடுத்திக் காட்டினார்.

பிறகு என் கணவரின் கால் வீங்கியது. வெயிலில் நின்று வேலை செய்தது என்றார். கண் மஞ்சளானபோது நான் லீவு போட்டுக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். வாயால் குழாய் விட்டுப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். என் தங்கை வயது வரும் ஒரு டொக்டர்ப் பிள்ளை எங்களைக் கூப்பிட்டுக் கதிரைகளில் இருத்தினாள்.

"இரைப்பையில புண் ஒண்டும் இல்லை. ஆனால் ஈரல் முழுதாச் சுருங்கிப்போச்சு. எவ்வளவு காலமாக் குடிக்கிறவர்?"

"அவர் விட்டிட்டார் டொக்டர்" என்றேன். "விட்டுக் கன காலம்."

டொக்டர் அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"வேற என்ன குளிசை போடுறனீங்கள் ஐயா?"

அவர் சட்டைப் பையில் கை விட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒற்றைக் குளிசை. தகரத்தாளின் நான்கு மூலையும் வட்டமாக நறுக்கப்பட்டிருந்தது.

டொக்டர் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். இந்தக் குளிசை வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும், இரைப்பையின் உட்தோலை அரிக்க விடாமல் காக்கும், புண்ணின்மேல் பூச்சுப்போலப் படிகிற வேறு மருந்துகளும் இருக்கின்றன, எல்லாம் நல்ல மருந்துகள்தான் என்றாள். "ஆனால் அம்மா, குடிச்சது வயித்தில நிக்கிறேல்லை. இரத்தத்தில கலந்து ஈரலுக்குத்தான் போகும். குடிச்சுக்கொண்டிருக்கிற ஆளின்ர ஈரலைக் காக்க ஒரு குளிசையும் இல்லை. இவருக்கு வயிறு நொந்திருந்தால் முந்தியே இஞ்ச வந்திருப்பார்."

வெளியே வந்து வாங்கில் இருந்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "நோகாதபடியா ஒண்டும் இல்லையெண்டு நினைச்சிட்டன்."

அவரை வாட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் உடுப்பு எடுக்க ஊருக்கு வந்தேன். பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேரே அக்காவின் படலையைத் தள்ளிக்கொண்டு போனேன். வேம்பின் கீழ் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். அக்கா குசினியிலிருந்து ஓடி வந்தார். கத்தரிப்பூச் சேலைதான் உடுத்தியிருந்தார்.

"என்ன பிள்ளை, அவருக்கு வயிறு எப்பிடியாம்?"

"வயிறு நல்லா இருக்காம். ஒரு புண்ணும் இல்லையாம்."

அக்காவின் முகம் மலர்ந்தது. நான் அதை மறக்கப்போவதில்லை. நடிப்பில்லை. பரீட்சையில் பாஸ் பண்ணிய பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. "எனக்குத் தெரியும்" என்றார். "ஒரு நாளும் தவறவிடேல்லை நான்."

"ஈரல் போயிட்டுது அக்கா. இனி ஒண்டும் செய்யேலாதாம்."

அக்கா மெல்லக் கேட்டார். "ஈரலுக்கு என்ன குளிசை எண்டு கேட்டனியோ?"

நான் அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை. "என்ர பிள்ளையின்ர தலையில கை வைச்சுச் சொன்னனீங்கள்" என்றேன். மரத்தடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள்.

"நீ வேலைக்குப் போன முதல் கிழமை, பிள்ளை. அவர் வேற எங்கயோ குடிச்சுப்போட்டு வந்து உந்தப் படலையில விழுந்தவர். சத்தி எடுத்தவர். கறுப்பாக் கிடந்துது. எனக்கு என்ர மனுசனைக் கண்ட மாதிரி இருந்துது. நான் என்ன செய்ய? என்னட்டக் குடிச்சா வயிறாவது தப்பும் எண்டு…"

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ வேலையை விட்டிருப்பாய்."

"விட்டிருப்பன்."

"அதுதான்" என்றார் அக்கா. "அவரும் கையெடுத்துக் கும்பிட்டவர், உனக்குச் சொல்ல வேண்டாமெண்டு."

"சும்மாவோ குடுத்தனீங்கள்?"

இந்தக் கேள்விக்குத்தான் அக்கா தலை குனிந்தார். "கசிப்புக்கு வாங்கினனான். குளிசைக்கு ஒரு நாளும் வாங்கேல்லை."

அந்த வருசம் மாரி தொடங்கியபோது என் கணவர் இறந்தார். கடைசியில் வயிறு பானைபோல வீங்கியிருந்தது. தண்ணீரை ஊசியால் எடுப்பார்கள், மறுபடி நிறையும். சாவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலவர்தான் சாப்பாடு கொண்டுவருவார்கள். அக்காவும் ஒரு பானை கொண்டுவந்து படலைக்கு வெளியே நின்றார். உள்ளே வர அவருக்குத் துணிவில்லை. நான் ஆளனுப்பிப் பானையைத் திருப்பிவிட்டேன். வேலிப் பொட்டைத் தகரம் வைத்து அடைத்தேன். ஆனால் மகள் பள்ளிக்கூடத்தால் அங்கேதான் போனாள். நான் வேலையில் நிற்கும் நேரத்தில் அவளை எப்படித் தடுப்பது? தகப்பன் இல்லாத வீட்டில் வேலையை விடவும் வழியில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன்.

ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் கைக்குழந்தையோடு ஒரு இளம் சோடி குடிவந்தது. அந்தப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தாள். கையில் குழந்தை.

"அக்கா, அந்த வேப்பமரத்து வீட்டு அக்கா நல்ல மனுசியோ? எங்கட ஆளுக்குக் குடுக்கமாட்டன் எண்டு என்ர பிள்ளையின்ர தலையில கை வைச்சுச் சொன்னவா. நம்பலாமோ?"

நான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவளுடைய முகம் வெளிறியது. மறுநாள் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போய், எந்த வளவு, எங்கே புதைத்திருக்கிறது, யார் கொண்டுவந்து கொடுப்பது, என்னென்ன தெரியுமோ அவ்வளவும் சொன்னேன். முகாமில் கஞ்சி தந்த கையைக் காட்டிக்கொடுக்கிறேன் என்ற நினைப்பு வந்தது. வந்தும் நான் நிறுத்தவில்லை.

ஜீப் வந்தபோது ஊர் கூடி நின்றது. கசிப்புக் கான்களைத் தோண்டி எடுத்தார்கள். அக்கா சத்தம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. ஜீப்பில் ஏறுமுன் என்னைத் தேடிக் கண்டார். யார் சொன்னது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"பிள்ளை பள்ளிக்கூடத்தால வருவாள்" என்றார். "சோறு வடிச்சு வைச்சிருக்கிறன். எடுத்துக் குடு."

நான் அந்த வீட்டுக்குள் போகவில்லை. மகள் வந்தபோது கதவு திறந்து கிடந்தது, அக்கா இல்லை. புத்தகப் பையோடு என் முன்னால் வந்து நின்றாள். "நீங்களோ அம்மா சொன்னனீங்கள்?"

"ஓம்."

அவள் எங்கள் குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினாள். அதுவரை அவள் தனியாகச் சோறு சமைத்ததில்லை. குழைந்துபோன அந்தச் சோற்றைத் தனக்கு மட்டும் போட்டுச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு பெரியம்மா என்ற சொல்லை என் முன்னால் அவள் சொன்னதில்லை.

அக்கா குற்றக்காசு கட்டி வெளியே வந்து, கொக்கிளாய்ப் பக்கம் தம்பியாரின் வீட்டுக்குப் போய்விட்டதாக ஊரில் கதை. கசிப்பை விட்டுவிட்டு, கடற்கரையில் மீன் வெட்டிக் காயப்போடுகிற வேலை செய்கிறாராம். நான் விசாரித்ததில்லை.

மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, சிநேகிதி வீட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்று காலையில் போனவள் பொழுதுபடத்தான் வந்தாள். செருப்பில் கடல் மணல் ஒட்டியிருந்தது. பையிலிருந்து ஒரு பார்சலை எடுத்துக் குசினியில் வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்த பாரைக் கருவாடு.

"ஆர் தந்தது?" என்று கேட்டேன்.

"சிநேகிதியின்ர அம்மா" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். கண் தளம்பவில்லை. அந்தச் சிநேகிதிக்குத் தாய் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்தேன்.